பெயிண்ட் எதையும் மறைக்காது

(வீடு கட்டுவோரும் பெயிண்டர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டு வேலை முடியப்போகிற நேரத்தில் என்னிடம் வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி பெயிண்ட் நல்லது சார்?" என்பதுதான். வேலை முடிந்து குடிபோன பிறகு வருகிறவர்கள் கேட்பது வேறு. "இருப்பதிலேயே விலை கூடினதைத்தான் வாங்கிக் கொடுத்தேன். பகலில் பார்த்தால் சுவர் நன்றாகத்தான் இருக்கிறது. ராத்திரி லைட்டைப் போட்டால் அலை அலையாகத் தெரிகிறது. கடைக்காரன் போலியைக் கொடுத்துவிட்டானா?"

போலி இல்லை. பெயிண்ட் அதன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. அதனிடம் இல்லாத வேலையை நாம் எதிர்பார்த்திருக்கிறோம், அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் எமல்ஷனை ஒரு கோட்டுக்கு 12 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 130 சதுர அடிக்கு இழுக்கிறோம் என்று வையுங்கள். அடித்த ஈரத்தோடு அதன் கனம் 83 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதிலிருக்கிற தண்ணீர் போய்க் காய்ந்த பிறகு 30 மைக்ரான் மிஞ்சினால் பெரிது. இரண்டு கோட்டுக்கு 60. உங்கள் தலைமுடி ஒன்றின் கனமே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். ஆக, இத்தனை ஆயிரம் செலவழித்து நாம் சுவரில் ஏற்றுவது ஒரு மயிரிழைக் கனம். கொத்தனாரின் மட்டப்பலகை தவறவிட்ட பள்ளமோ 3 மில்லிமீட்டர், அதாவது 3000 மைக்ரான். அறுபதைக் கொண்டு மூவாயிரத்தை நிரப்ப எந்தக் கம்பெனியாலும் முடியாது.

இது தெரியாமல்தான், "இந்த இடம் சொரசொரப்பாக இருக்கிறதே மேஸ்திரி" என்று வீட்டுக்காரர் கேட்கும்போது, "பெயிண்ட் அடிச்சா எல்லாம் மறைஞ்சிடும் சார்" என்று பதில் வருகிறது. தமிழ்நாட்டில் கட்டட வேலையில் சொல்லப்படும் பொய்களில் இதற்குத்தான் முதலிடம் தருவேன். சொல்கிறவரும் நம்பிச் சொல்கிறார் என்பதுதான் வேடிக்கை.

பெயிண்டர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள், கோபிக்க வேண்டாம். உங்கள் பக்கத்து நியாயத்துக்கும் வருகிறேன்.

சுவர் பகலில் ஒரு மாதிரியும் இரவில் ஒரு மாதிரியும் தெரிவது எதனால்? இந்த அரங்கின் இடப்பக்கச் சுவரைப் பாருங்கள். குழல்விளக்கைச் சுவரோடு ஒட்டி, மேலே மாட்டியிருக்கிறார்கள். அதன் கீழே ஒரு முழம் வரைக்கும், பட்டித் தகடு இழுத்த தடம் ஒவ்வொன்றும் எண்ணிப்பார்க்கும்படி நிற்கிறது. எதிர்ச்சுவரையும் அதே ஆட்கள்தான் அதே வாரத்தில் செய்திருப்பார்கள். அங்கே வெளிச்சம் கூரையின் நடுவிலிருந்து வருகிறது. ஒரு குறையும் தெரியவில்லை.

குறை இரண்டிலும் இருக்கிறது. வெளிச்சம் நேராக விழுந்தால் மேட்டுக்கு நிழல் கிடையாது. சுவரை உரசிக்கொண்டு சாய்வாக வந்தால் சின்ன மேட்டுக்கும் நீள நிழல் விழும். தகடு விட்டுப்போன வரம்பு அரை மில்லிமீட்டர் உயரம்தான் என்றாலும், வெளிச்சம் 5 டிகிரி சாய்வில் வந்தால் நிழல் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நீளும். கையால் தடவினால் சட்டென்று அகப்படாத ஒன்று, பத்தடி தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிறது.

முன்பெல்லாம் கூடத்துக்கு ஒரு டியூப்லைட், மீதி அறைகளுக்கு ஒரு குண்டு பல்பு என்று முடிந்துபோகும். இப்போது கூரை ஓரமெல்லாம் எல்இடி பட்டை. சுவரிலிருந்து அரையடி தள்ளி வரிசையாகக் குழிவிளக்கு. சுவரின் ஒவ்வொரு பிழையையும் தேடிக் காட்டுகிற இடத்தில் விளக்கை வைத்துவிட்டுப் பெயிண்டரைத் திட்டுவதில் அர்த்தமில்லை. எலக்ட்ரீஷியன் வரைபடத்தைப் பட்டி வேலைக்கு முன்னால் பெயிண்டரிடம் காட்டுங்கள். எந்தச் சுவரின் மேல் வெளிச்சம் வழியப்போகிறது என்று தெரிந்தால், அந்தச் சுவருக்கு மட்டும் ஒரு நாள் கூடுதலாக உழைப்பார். எல்லாச் சுவருக்கும் ஒரே உழைப்புத் தேவையில்லை. அலமாரிக்குப் பின்னால் போகிற சுவரில் யாரும் நிழல் பார்க்கப்போவதில்லை. அமெரிக்காவில் ஜிப்சம் பலகைச் சுவர்களுக்கு 0 முதல் 5 வரை நிலைகள் வகுத்து வைத்திருக்கிறார்கள். பளபளப்புப் பெயிண்ட் அடிக்கப்போகும் சுவருக்கும் சாய்வு வெளிச்சம் விழும் சுவருக்கும் ஐந்தாம் நிலை: சுவர் முழுவதும் மெல்லியதாக ஒரு பூச்சு இழுக்க வேண்டும். கார் நிறுத்தும் கொட்டகைக்கு அவ்வளவு கேட்பதில்லை. நல்ல ஏற்பாடு. நம்மிடம் அப்படிப் பேசிக்கொள்ளும் வழக்கம் இல்லாததால் "நல்லா வரணும்", "வந்துடும் சார்" என்று இரண்டு பக்கமும் மனக்கணக்கிலேயே ஒப்பந்தம் போடுகிறோம்.

பளபளப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேட் பெயிண்ட் வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கும். மேடுபள்ளம் அடங்கித் தெரியும். ஷீன் எனும் பளபளப்பு கூடக்கூட வெளிச்சம் ஒரே திசையில் திரும்பும். சுவரின் சின்ன அலைகூட எழுந்து நிற்கும். கடையில் நிற அட்டையைப் பார்த்து மயங்குகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: அது அச்சு இயந்திரத்தில் போன வழவழப்பான காகிதம். உங்கள் சுவர் கொத்தனார் கையில் போனது. சுவர் சுமார் என்றால் மேட் வாங்குங்கள். கழுவித் துடைக்க வேண்டும், பிள்ளைகள் கிறுக்குவார்கள் என்று ஷீன் வேண்டுமானால், பட்டிக்கும் தேய்ப்புக்கும் கூடுதலாகச் செலவழிக்கத் தயாராக இருங்கள்.

நம் தாத்தா பாட்டி வீடுகளில் இந்தப் புலம்பல் ஏன் இல்லை என்று ஒரு முறை கேட்டார்கள். அங்கே சுவர் நேராக இருந்தது என்பதல்ல காரணம். சுண்ணாம்புக்குப் பளபளப்பே கிடையாது. பொங்கலுக்குப் பொங்கல், நுனி நசுக்கிய பனைமட்டையால், வழவழப்பு என்ற ஆசையே இல்லாமல் அடித்தார்கள். மஞ்சள் தட்டாமல் இருக்கக் கொஞ்சம் நீலம், கையில் ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் வச்சிரம். சுண்ணாம்பு அடித்த சாயங்காலம், "அடிச்ச மாதிரியே இல்லையேடா" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். மறுநாள் காலையில் சுவர் பளிச்சென்று வெளுத்திருக்கும். ஈரத்தில் சுண்ணாம்புத் துகளைச் சுற்றித் தண்ணீர் இருக்கிறது. சுண்ணாம்பின் ஒளிவிலகல் எண் 1.6-ஐ ஒட்டியது, தண்ணீருக்கு 1.33. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் வெளிச்சம் ஊடுருவிப் போய்ப் பழைய கறை தெரிகிறது. காய்ந்ததும் தண்ணீர் இருந்த இடத்தில் காற்று, அதன் எண் 1. இடைவெளி கூடியதும் வெளிச்சம் சிதறுகிறது, வெள்ளை தெரிகிறது.

இன்றைய பெயிண்டில் அந்த வேலையைச் செய்வது டைட்டானியம் டை ஆக்ஸைடு. ரூட்டைல் வகைக்கு ஒளிவிலகல் எண் 2.7. சுற்றியிருக்கிற பிசினுக்கு 1.5. அதனால் காய்ந்தாலும் ஈரமானாலும் அது மறைக்கும். இதற்கு மூலப்பொருளான இல்மனைட்டும் ரூட்டைலும் நம் குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கின்றன. அங்கே மத்திய அரசு நிறுவனமே மணலைப் பிரித்தெடுக்கிறது. இந்த வெள்ளைப் பொடியின் சாமர்த்தியம்தான் நம்மை ஏமாற்றுகிறது. அடர்பச்சைச் சுவர் இரண்டே கோட்டில் தந்த நிறமாகிவிடுவதைப் பார்த்தவர், "பச்சையையே மறைக்கிறதே, இந்தச் சின்னப் பள்ளத்தை மறைக்காதா" என்று நினைக்கிறார். அது மறைப்பது நிறத்தை. பள்ளம் நிறமல்ல, வடிவம்.

பளபளப்பும் வேண்டும், வழவழப்பும் வேண்டும் என்று ஆசைப்பட்ட காலமும் நம்மிடம் உண்டு. 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்று 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இங்கே வந்த ஆங்கிலேயர்கள் பளிங்கோடு ஒப்பிட்டு எழுதிவைத்த பூச்சு அது. செட்டிநாட்டு வீடுகளில், கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும், இன்றும் கையை வைத்தால் வழுக்கும் சுவர்கள் இருக்கின்றன. அங்கே பெயிண்ட் இல்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, வடிகட்டி, அரைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூச்சு ஏற்றினார்கள். கீழ்ப்பூச்சில் மணல் இருக்கும். மேலே போகப்போகச் சன்னமாகி, கடைசிப் பூச்சு வெறும் விழுது. அதில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்தார்கள். பிறகு வழவழப்பான கல்லைக் கொண்டு தேய்த்தார்கள். மணிக்கணக்கில் தேய்க்கத் தேய்க்கச் சுவரிலிருந்து ஈரம் கசிந்து வரும். அதைத் துணியால் ஒற்றி எடுத்து மறுபடி தேய்ப்பார்கள். அந்தச் சுவரில் நிறமும் வழவழப்பும் ஒரே பொருளில் இருந்தன. ஆளைவைத்துத் தேய்க்கக் காசும் காலமும் இருந்தவர்கள் செய்துகொண்டார்கள். நாம் அந்த வேலையைப் பட்டிக்கு ஒன்று, பெயிண்டுக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்துவிட்டோம். பிரித்த பிறகு, டப்பாவில் படம் போட்டு விற்கிற பங்கை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம்.

சரி, நம் சிமெண்டுச் சுவருக்கு வருவோம்.

மட்டம் என்பது கொத்தனார் வேலை. உள்சுவரில் 12 மில்லிமீட்டர் பூச்சு என்று சொல்கிறோம். புள்ளி வைத்து, தூக்குக்குண்டு பிடித்து, மட்டப்பலகையால் இழுத்துப் பூசினால் சுவர் ஒரு தளத்துக்கு வரும். புள்ளி வைக்காமல் கண்ணாலேயே பூசினால் வயிறு தள்ளும். அந்த வயிற்றைப் பட்டியால் சரிசெய்ய முடியாது. பூச்சு வேலைக்குப் பணம் தருவதற்கு முன்னால் ஆறடி அலுமினியப் பலகை ஒன்றைச் சுவரில் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பாருங்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே பென்சிலால் வட்டம் போடுங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளமா? அதைக் கொத்தனாரே கலவையால் சரிசெய்ய வேண்டும். அவர் ஊருக்குப் போன பிறகு பெயிண்டர் தலையில் கட்டக் கூடாது.

பூசிய சுவருக்குக் குறைந்தது ஒரு வாரமாவது தண்ணீர் காட்ட வேண்டும். பிறகு அதைக் காயவிட வேண்டும். இரண்டாவதை மறந்துவிடுகிறோம். புதுச் சிமெண்டுப் பூச்சின் காரத்தன்மை பிஎச் அளவில் 12, 13 வரை போகும். அந்தக் காரம் எண்ணெய்ப் பெயிண்டைச் சோப்பாக்கிவிடும். எமல்ஷனில் திட்டுத்திட்டாக நிறம் வெளிறும். சுவரிலிருக்கிற தண்ணீர் வெளியே வரும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். வெள்ளையாகப் பூத்து, பட்டியைப் பொரிய வைத்துத் தள்ளும். கடலோரப் பகுதிகளில் உப்புத் தண்ணீரில் கலவை போட்ட வீடுகளில் இது தொடர்கதை. குறைந்தது 28 நாள் என்று சொல்வார்கள். மழைக்காலத்தில் அதற்கு மேலும் பிடிக்கும்.

காய்ந்ததா என்று பார்க்கக் கருவி வாங்க வேண்டாம். ஒன்றரை அடிச் சதுரமாகக் கண்ணாடிப் பாலிதீன் தாளை வெட்டி, நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டுங்கள். மறுநாள் தாளுக்கு உள்ளே முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. தரையை ஒட்டி ஒரு தாள், குளியலறைக்குப் பின்சுவரில் ஒரு தாள். இந்த இரண்டு இடமும்தான் பின்னால் காலை வாரும்.

நம் ஊர்ப் பிரச்சினை ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எல்லாருக்கும் தீபாவளிக்குள் பெயிண்ட் முடிய வேண்டும், இல்லையென்றால் பொங்கலுக்குள் முடிய வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கிறது. சுவர் நனைந்து ஊறி, காற்றிலும் ஈரம் நிறைந்திருக்கிற மாதங்களில்தான் நிறையப் பெயிண்ட் வேலை நடக்கிறது. பண்டிகையைத் தள்ளிவைக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பழைய வீடாக இருந்தால் தீபாவளிக்கு முன் தூசி தட்டி, கறை படிந்த இடத்தைத் துடைத்து ஒப்பேற்றிவிட்டு, முழு வேலையை மாசி, பங்குனிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்டர்களுக்கும் அப்போது கை ஓய்வாக இருக்கும். அவசரமில்லாத கையில் வேலை தனியாகத் தெரியும்.

இனிப் பட்டி. என் உரையில் பாதி இதற்குத்தான். சுவரின் வழவழப்பில் முக்கால்வாசி இதில்தான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் சாக்பவுடரையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்து பட்டி செய்துகொண்டார்கள். இன்று வெள்ளைச் சிமெண்டுப் பட்டி மூட்டையில் வருகிறது, அக்ரிலிக் பட்டி வாளியில் வருகிறது. புதுச் சுவருக்கு வெள்ளைச் சிமெண்டுப் பட்டி உறுதியானது. அதைப் போடும் முன் சுவரை லேசாக நனைக்க வேண்டும். காய்ந்த சுவர் பட்டியிலிருக்கிற தண்ணீரைக் குடித்துவிட்டால், இறுகுவதற்குச் சிமெண்டுக்குத் தண்ணீர் மிஞ்சாது. அப்புறம் விரலால் தேய்த்தால் மாவு வரும். ஒரு மாதம் காயவைக்கச் சொல்லிவிட்டு இப்போது நனைக்கச் சொல்கிறாயே என்று கேட்கலாம். சுவரின் வயிற்றில் ஊறிய ஈரம் வேறு, முகத்தில் தெளித்த ஈரம் வேறு.

தண்ணீரை முதலில் ஊற்றி, பொடியைப் பிறகு கொட்டிக் கலக்க வேண்டும். எடையில் பொடிக்கு நூற்றுக்கு நாற்பதுக்குள் தண்ணீர். கட்டி இல்லாமல் கலக்கிவிட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு, மறுபடி கலக்கிப் பாருங்கள், மெழுகாக வரும். கலந்ததை இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். சாப்பிடப் போய்விட்டு வந்து, இறுகத் தொடங்கிய பட்டியில் மறுபடி தண்ணீர் ஊற்றி இளக்குகிறார்களே, அங்கேதான் பல வீடுகளில் பட்டி செத்துப்போகிறது. பார்க்க ஒன்றும் தெரியாது. ஒரு வருடம் கழித்துக் காலண்டர் மாட்ட டேப் ஒட்டி எடுத்தால், பெயிண்டோடு ஓர் உள்ளங்கை அகலம் உரிந்து வரும்.

நல்ல பட்டி ஆளின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? இடது கையில் பட்டியை ஏந்திய தகடு, வலது கையில் இழுக்கிற தகடு. முதல் கோட்டைக் கீழிருந்து மேலாக இழுப்பார். தகட்டைப் படுக்கப் பிடித்தால் பட்டி தங்கும், நிமிர்த்திப் பிடித்தால் வழித்துக்கொண்டு போகும். ஓர் இழுப்பிலேயே அந்தச் சாய்வு இரண்டு மூன்று முறை மாறும். ஓர் இழுப்பு முடிகிற இடத்தில் தகட்டை வெடுக்கென்று எடுக்க மாட்டார். கையைத் தளர்த்திக்கொண்டே வழுக்கி எடுப்பார். வெடுக்கென்று எடுத்தால்தான் அங்கே வரம்பு நிற்கும். இரண்டாம் கோட்டைக் குறுக்குவாட்டில் இழுப்பார். நெடுக்கே விட்டுப்போன பள்ளம் குறுக்கே வரும்போது நிரம்பும். இரண்டு கோட்டும் ஒரே திசையில் இழுத்தால் முதல் கோட்டின் பிழைமேல் இரண்டாவது போய் உட்காரும். இரண்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கனமாக அப்பினால் நூலாக வெடிக்கும். தகட்டின் விளிம்பில் ஒரு பல் விழுந்திருந்தாலும் சுவர் நெடுகக் கோடு போட்டுக்கொண்டு போகும். நல்ல ஆள் காலையில் முதல் வேலையாகத் தகட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் அதைப் பார்த்துத் தேடலாம்.

இரண்டாம் கோட்டு காய்ந்ததும் தேய்ப்பு. இங்கேதான் விளக்கு வேண்டும். ஒயர் நீளமாக வைத்து ஒரு பல்பை அல்லது பேட்டரி விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். அறையை இருட்டாக்கிவிட்டுப் பாருங்கள். பகலில் பார்த்துச் சபாஷ் சொன்ன சுவர் அம்மைத் தழும்போடு நிற்கும். ஒவ்வொரு நிழலையும் பென்சிலால் சுற்றிவிட்டு, மேடு என்றால் தேய்க்க வேண்டும், பள்ளம் என்றால் பட்டி வைத்துக் காயவிட்டுத் தேய்க்க வேண்டும். பேனா வேண்டாம், மை பெயிண்டைத் தாண்டி மேலே கசியும். உப்புத்தாளை வெறும் விரலில் மடித்துத் தேய்த்தால் விரல் பதிந்த இடம் குழியும். தட்டையான மரக்கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். முதலில் 180 எண் தாள், கடைசியில் 320. வெள்ளைச் சிமெண்டுப் பட்டியை நாலைந்து நாள் விட்டுவிட்டால் கல்லாகிவிடும், தேய்க்கிறவருக்குத் தோள்பட்டை போய்விடும். மறுநாளே தேய்ப்பதுதான் வசதி.

தூசியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. அந்த மாவு மூச்சில் போகிறது. கைக்குட்டை கட்டினால் போதாது, முறையான மாஸ்க் வேண்டும். பழைய வீட்டில் கதவு, ஜன்னலின் எண்ணெய்ப் பெயிண்டைத் தேய்க்கும்போது இன்னும் எச்சரிக்கை தேவை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்று இந்தியாவில் விதி வந்தது 2016-இல், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தின பூச்சில் ஈயம் எவ்வளவு என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதை உலர்வாகத் தேய்க்காதீர்கள், தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், குழந்தைகளை அந்த வாரம் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

தேய்த்த சுவரில் ஒட்டியிருக்கிற மாவைத் துடைக்காமல் பிரைமர் அடித்தால், பிரைமர் சுவரைப் பிடிக்காது, மாவைப் பிடிக்கும். முதலில் மெல்லிய துடைப்பம், பிறகு பிழிந்த ஈரத்துணி.

பிரைமருக்கு அதிக நேரம் எடுக்கப்போவதில்லை. பட்டி ஓரிடத்தில் கனமாகவும் ஓரிடத்தில் சன்னமாகவும் இருக்கும், பெயிண்டை அதற்கேற்றபடி குடிக்கும். குடித்த இடம் மங்கலாகவும் குடிக்காத இடம் மினுக்கமாகவும் தெரியும். பிரைமர் அந்தத் தாகத்தை எல்லா இடத்திலும் ஒன்றாக்கும். பிரைமர் காய்ந்ததும் இன்னொரு முறை விளக்குப் பிடித்துப் பாருங்கள். ஒரே நிறமானதும் விட்டுப்போன பிழைகள் மேலெழும். அவற்றுக்குத் தொட்டுவைத்த பட்டியின் மேல் மறுபடியும் பிரைமர் தொட வேண்டும். இதை விட்டுவிடுவதால்தான், முடிந்த சுவரில் அங்கங்கே தேமல் மாதிரி நிற்கிறது.

கடைசியாகப் பெயிண்ட். ஓர் அறைக்கு வாங்கிய டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் ஊற்றிக் கலக்குங்கள். இயந்திரம் கலந்த நிறமாக இருந்தாலும் டப்பாவுக்கு டப்பா மயிரிழை வித்தியாசம் வரும், அது சுவர் நடுவில் வந்து நின்றால் தெரியும். தண்ணீர் எவ்வளவு என்று டப்பாவில் அச்சிட்டிருக்கிறது. மக்கால் அளந்து ஊற்றுங்கள். கண்ணளவில் ஊற்றினால் காலையில் ஒரு கனம், மதியம் ஒரு கனம்.

எமல்ஷன் எப்படிக் காய்கிறது என்று தெரிந்தால் மீதி தானே புரியும். தண்ணீரில் மிதக்கிற கண்ணுக்குத் தெரியாத பிசின் உருண்டைகள், தண்ணீர் ஆவியானதும் ஒன்றையொன்று நெருக்கி, அமுங்கி, ஒரே படலமாகின்றன. அது நடக்கும் வரை பெயிண்ட் தன்னைத்தானே சமன்படுத்திக்கொள்ளும். பிரஷ் தடம் அடங்கும். மின்விசிறியைப் போட்டுக்கொண்டு, சித்திரை வெயில் அடிக்கிற மேற்குச் சுவரில் மதியம் அடித்தால் அதற்கு நேரமே கிடைக்காது. விசிறியை நிறுத்துங்கள். ஜன்னலைப் பாதி சாத்துங்கள். மேற்குச் சுவரைக் காலையில் அடியுங்கள்.

இணைப்புத் தெரியாமல் இருக்க ஒரே வழி, ஈரம் காயும் முன் ஈரத்தோடு சேர்ப்பது. மூலையையும் கூரை ஓரத்தையும் ஒருவர் பிரஷால் வெட்டிக்கொண்டே போக, இரண்டடி பின்னால் இன்னொருவர் ரோலரோடு வர வேண்டும். முந்தின நாளே நாலு சுவருக்கும் ஓரம் அடித்து வைத்துவிட்டு மறுநாள் நடுவில் உருட்டினால், சுவரைச் சுற்றிப் படச்சட்டம் போட்டதுபோல் பட்டை தெரியும். ஒரு சுவரைத் தொடங்கினால் மூலைவரை முடிக்காமல் டீக்குப் போகக் கூடாது. டீயை முதலிலேயே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ரோலரில் கம்பளி நீளமாக இருந்தால் ஆரஞ்சுத்தோல் விழும். வழவழப்பான சுவருக்குக் குட்டை ரோமம்தான் சரி. உருட்டி முடித்த இடத்தைக் கடைசியாக ஒரே திசையில், அழுத்தாமல், மேலிருந்து கீழே ஓர் இழுப்பு. அதற்குமேல் கை வைக்கக் கூடாது. பாதி காய்ந்த இடத்தில் 'இங்கே கொஞ்சம்' என்று திரும்பப் போய்த் தடவுகிற ஆசைதான் பல சுவர்களைக் கெடுக்கிறது.

பெயிண்டர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். நான் சொன்னதெல்லாம் அவர்களுக்குத் தெரியாததா? பெரும்பாலும் தெரிந்ததுதான். ஆனால் நாம் கூலி பேசுவது சதுர அடிக்கு. காயவிடுகிற நாளுக்குக் கூலி இல்லை. விளக்குப் பிடித்துப் பார்க்கிற இரவுக்குக் கூலி இல்லை. மூன்றாவது முறை தேய்த்ததற்கும் இல்லை. கூலி இல்லாத வேலைதான் முதலில் விட்டுப்போகும். வீட்டுக்காரர் சதுர அடிக்கு இரண்டு ரூபாய் குறைத்துவிட்ட பெருமையில் இருக்கிறார். அந்த இரண்டு ரூபாய் எந்தக் கோட்டிலிருந்து போனது என்று அவர் பார்ப்பதில்லை.

என்னைக் கேட்டால் ஒப்பந்தத்தை இரண்டாக எழுதுங்கள். பட்டியும் தேய்ப்பும் பிரைமரும் ஒன்று, பெயிண்ட் இன்னொன்று. மொத்தக் கூலியில் பாதிக்கு மேல் முதலாவதற்கு. பிரைமர் காய்ந்த அன்று இரவு வீட்டுக்காரரும் மேஸ்திரியும் சேர்ந்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து ஒவ்வொரு சுவராகப் பார்க்க வேண்டும். இருவருக்கும் திருப்தி என்றால் அந்தப் பணத்தை அப்போதே எண்ணிக் கொடுத்துவிட வேண்டும். பெயிண்ட் டப்பாவைத் திறப்பது அதற்குப் பிறகுதான். பட்டிக்குக் கூடுதலாகப் போகிற பணத்தைப் பெயிண்டில் ஒரு தரம் கீழே இறங்கி ஈடுகட்டலாம். நல்ல பட்டிமேல் நடுத்தரப் பெயிண்ட் அழகாக இருக்கும். மோசமான பட்டிமேல் உயர்ந்த பெயிண்டைப் பார்க்கச் சகிக்காது.

வேலை முடிந்ததும் ஒரு லிட்டர் பெயிண்டைக் காற்றுப் புகாமல் மூடி, எந்த அறை, என்ன நிற எண், எந்தத் தேதி என்று மூடிமேல் எழுதிவையுங்கள். பின்னால் ஏதாவது கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் புள்ளி வைக்காதீர்கள், எத்தனை கவனமாக வைத்தாலும் தெரியும். மூலையிலிருந்து மூலைவரை அந்த ஒரு சுவரை முழுதாக அடித்துவிடுங்கள். மேசைமேல் இரண்டு தகடும் ஒரு விளக்கும் வைத்திருக்கிறேன். இடப்பக்கச் சுவரில் பிடித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம். கேள்விகளை அங்கேயே வைத்துக்கொள்வோம்.